மேற்குச் சக்கரம்

ஜூன் 16, திங்கள்

டாக்டர் உத்தரவு. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, என்ன தின்றேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், மூன்றையும் தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். "ரெண்டு வரி போதும் நாச்சிமுத்து, கதை எழுத வேண்டாம்" என்றார். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம். பீரோவில் பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. கலாமணி அதைத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, "நெசத்த எழுதோணும், ஆமா" என்றாள். பஜ்ஜி தின்றதை மறைத்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரிக்குச் சந்தேகம்.

சர்க்கரை 142. இட்லி நான்கு. தூக்கம் ஏழு மணி.

வரும் ஞாயிறு சீசனின் முதல் கார் பந்தயம். எங்கள் ஊரிலேயே நடக்கிறது, கோவைக்கு அந்தப் பக்கம். ஷெட்டில் ஒற்றை இருக்கைக் கார் ஒன்று. அதற்கு இரண்டு மெக்கானிக், நானும் அப்பாசும். ஓட்டுவது மோனிஷா. முதலாளி சம்பத் சார். இவ்வளவுதான் எங்கள் டீம். டீவியில் பார்க்கிற மாதிரி ஐம்பது பேர் ஓடிவந்து சக்கரம் மாட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் பாஸ் கேட்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

139. தோசை மூன்று. ஒரு பஜ்ஜி. (இரண்டு.)

ஜூன் 19, வியாழன்

145. நாள் முழுக்க டயர் வேலை. வெயிலுக்கு ஒரு செட், அது கோடே இல்லாத மொட்டை டயர். மழைக்கு ஒரு செட், அதில் ஆழமாக வாய்க்கால் வெட்டியிருக்கும். மழை டயர் ஒரு திசையில்தான் உருள வேண்டும். அப்போதுதான் தண்ணீரை வெளியே தள்ளும். பக்கத்தில் அம்புக்குறி சின்னதாக இருக்கும், என் கண்ணாடி இல்லாமல் தெரியாது.

அதனால் டயரில் மஞ்சள் கிரயானால் பெரிதாக எழுதி வைப்போம். எல்லோரும் இங்கிலீஷில் இடது வலது எழுதுவார்கள். நானும் அப்பாசும் "மே", "கி" என்று எழுதுவோம். ஷெட்டில் கார் எப்போதும் வடக்கே மூக்கை வைத்து நிற்கும். அதற்கு இடது சக்கரம் மேற்கு, வலது சக்கரம் கிழக்கு. எங்கள் ஊரில் இடது வலது யார் சொல்கிறார்கள்? சோற்றுக் குண்டானைக்கூட "தெக்கால நகத்து" என்பார்கள். பத்து வருஷமாக இப்படித்தான். சம்பத் சார் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வெளியூர்க்காரன் பாத்தா வாஸ்து பாக்கறோம்னு நெனைப்பான்" என்றார். சிரித்தோம்.

ஜூன் 20, வெள்ளி

140. இன்று டிராக்கில் பயிற்சி ஓட்டம். இந்த ஆனி மாத வானத்தை நம்பி ஒரு துணி காயப்போட முடியாது. பாலக்காட்டுப் பக்கமிருந்து மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, பத்து நிமிஷம் சாரல், உடனே பல்லைக் காட்டுகிற வெயில். மொட்டை டயர் மாட்டினால் தூறுகிறது, மழை டயர் மாட்டினால் காய்கிறது. சாயங்காலத்துக்குள் ஒன்பது முறை சக்கரம் மாற்றினோம். இடுப்பு போய்விட்டது. எல்லா டீம்காரனும் மேற்கே பார்த்தபடியேதான் டீ குடித்தான்.

ஜூன் 21, சனி

138. தகுதிச்சுற்றில் மோனிஷா இரண்டாவது! வெயிலில் ஓடினாள், என்ன அழகாக ஓட்டினாள். இறங்கியதும் என் தொப்பியைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். இருபத்தொரு வயது, சுல்தான்பேட்டையில் அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஷெட்டுக்கு வந்தால் கைகட்டி நிற்கிற ரகம் இல்லை. தானே ஸ்பானர் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவாள்.

ஆனால் சம்பத் சார் முகத்தில் முழுச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் ஒரு மழைப் பந்தயத்தில் அவள் கார் சுற்றிவிட்டது. அன்றிலிருந்து "மழைன்னா அந்தப் புள்ளைக்குக் கை நடுங்கும்" என்று எவனோ கிளப்பிவிட்டான். பெங்களூரிலிருந்து ரோஹன் என்று ஒருவன் எங்கள் காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "நாளைக்கு மழை வந்து, அதுல இவ நின்னு காட்டுனா சீட் இவளுக்கு. இல்லேன்னா ரெண்டாவது ரவுண்டுல இருந்து ரோஹன்தான் முத்து" என்று சார் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடமும் சொல்லிவிட்டாராம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

சர்க்கரை பார்க்கவில்லை. விடியும் முன்பே கிளம்பிவிட்டேன்.

பந்தயம் மூன்று மணிக்கு. இரண்டே முக்கால் வரைக்கும் சுள்ளென்று வெயில். எல்லாக் காரும் மொட்டை டயரோடு வரிசையில் போய் நின்றன. எங்கள் கார் முன்வரிசையில். கார்கள் கிளம்பும் நேர்ப்பாதை தெற்கே பார்த்து ஓடுகிறது. கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் என்று பலகையைத் தூக்கினார்கள், மேற்கேயிருந்து ஒரு குளிர்காற்று வந்தது, அவ்வளவுதான், சடசடவென்று ஊற்ற ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு காருக்கும் ஒரே நேரத்தில் ஆட்கள் டயரை உருட்டிக்கொண்டு ஓடிவருகிறார்கள். திருவிழாவில் தேர் சாய்ந்த மாதிரி கூச்சல். மூன்று நிமிஷப் பலகைக்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியிலிருந்து கிளம்ப வேண்டும்.

சம்பத் சார் மோனிஷா தலைக்குக் குடை பிடித்தார். நான் நட்டுகளைக் கழற்றினேன். அப்பாஸ் காருக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, "அண்ணே, மேக்காலது குடுங்க! சீக்கிரம்!" என்று கத்தினான். கொடுத்தேன். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். நான்கையும் மாட்டிவிட்டோம். மூன்று நிமிஷப் பலகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்பாஸ் என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

கார் கிளம்பியது. எங்கள் பந்தய வகுப்பில் ரேடியோ எல்லாம் கிடையாது, பலகை காட்டுவதோடு சரி. முதல் சுற்றில் ஐந்தாவதாக வந்தாள். அடுத்ததில் ஒன்பது. வளைவில் முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்று நேராகப் போவது இங்கிருந்தே தெரிந்தது. நான்காவது சுற்று முடியப் போகிறபோது கார் சுற்றி, டயர் அடுக்கில் பக்கவாட்டாகப் போய் மோதியது. நான் கைப்பிடிச் சுவரைத் தாண்டப் போய் ஒரு அதிகாரி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கடவுள் புண்ணியம், மணிக்கட்டு சுளுக்கு மட்டும்தான். ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

"முன்பக்கம் மெதந்துச்சுண்ணா. புடிக்கவே முடியல."

"மழைன்னா அப்படித்தான் கண்ணு" என்றேன்.

ஆறாவது சுற்றில் வெயில் அடித்தது. யாரோ ஜெயித்தார்கள்.

காரை ஷெட்டில் இறக்கினோம். அப்பாசை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே சக்கரங்களைக் கழற்றினேன். சேறாக இருந்தது. கழுவினேன். கிரயான் எழுத்தும் அசிங்கமாக இருந்தது, அதையும் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டேன். நான்கையும். பசியில்லை.

ஜூன் 23, திங்கள்

218. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

206. தோசை ஒன்று. தூக்கம் மூன்று மணி.

சம்பத் சார் ஷெட்டுக்கு வந்து உடைந்த பாகங்களைப் பார்த்தார். என்னைக் கேட்டார், "கார்ல ஏதாவது கோளாறு இருந்துதா முத்து?" ஸ்டீயரிங்கைச் சோதித்தேன், பிரேக்கைச் சோதித்தேன், இரண்டும் நன்றாக இருந்தன. அதைச் சொன்னேன். நான் சொன்னதில் பொய் இல்லை.

"அப்ப ஆள்தான்" என்றார்.

மத்தியானம் மோனிஷா வந்தாள், கையில் கட்டோடு. காரின் நசுங்கிய பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாரிண்ணா. ராத்திரி பகலா ஒழச்சீங்க, நாலு சுத்துகூட ஓட்டாம ஒடச்சுட்டேன்" என்றாள். பண்ணையிலிருந்து எனக்கும் அப்பாசுக்கும் முட்டை கொண்டுவந்திருந்தாள். அப்பாஸ் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் "பரவால்ல அம்மிணி" என்றேன்.

ஜூன் 26, வியாழன்

211. பழைய சோறு.

அப்பாஸ் ஆரம்பித்தான். "முத்தண்ணே, அன்னைக்கு அந்த டயரு..."

"எந்த டயரு? போயி அந்த ரேடியேட்டரக் கழுவு" என்றேன்.

கழுவப் போய்விட்டான். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது. நல்ல மனுஷன்.

ஜூன் 28, சனி

224. டாக்டருக்குப் போன் செய்தேன். ஏதாவது கவலையா என்றார். வேலை ஜாஸ்தி என்றேன்.

வீட்டில் வெள்ளையடிக்க வேண்டுமென்று கலாமணி பீரோவை நகர்த்தச் சொன்னாள். தள்ளினேன். "ஏனுங்க, மேக்கால இன்னுங் கொஞ்சம்" என்றாள். எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "இடதுபக்கம்னு சொல்லிப் பழகு! மேக்கால கெழக்காலன்னு மாட்டுக்காரனாட்டப் பேசிட்டு!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை. அவள் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், எங்கே போவதென்று தெரியாமல் டீக்கடையில் மூன்று பஜ்ஜி தின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

229.

எழுதிவிடுகிறேன். இதை டாக்டருக்குக் காட்டப் போவதில்லை.

நான்கு மழை டயரும் பக்கம் மாறி மாட்டப்பட்டிருந்தன. அம்புக்குறி பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மேற்கே மேற்கே என்று மேகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குள் மேற்கு மட்டும்தான் இருந்தது. அப்பாஸ் மேக்காலது என்று கேட்டதும் "மே" எழுதிய டயரை நிஜ மேற்குப் பக்கம் இருந்த அவனிடம் தூக்கிக் கொடுத்தேன், "கி"யும் அப்படியே கிழக்கே போனது. கார் நின்றது தெற்கே பார்த்து. அதற்கு மேற்கு வலது பக்கம், "மே" டயரோ இடதுக்கு உரியது. ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை.

தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய டயர் உள்ளே இழுத்திருக்கிறது. முன்பக்கம் மிதந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னது சத்தியம். சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் எழுத்தைத் துடைத்தேன். அசிங்கமாக இருந்ததற்காக அல்ல.

முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் என் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. அதைக் காப்பாற்றத்தான். இப்போது எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பம்.

கலாமணியிடம் சொன்னேன். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "அந்தப் புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"இல்ல."

அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத் தோசையும் வரவில்லை.

ஜூலை 2, புதன்

சர்க்கரை பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை.

சம்பத் சார் நல்ல குஷியில் வந்தார். மோனிஷா தானாகவே விலகிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்துவிட்டாளாம். "நானா எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன், நல்லவேளை" என்றார். ரோஹன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பானாம், காரைத் தயார் செய்யச் சொன்னார். கடிதத்தை என்னிடம் காட்டினார். "மழையில் எனக்குத் தைரியம் போதவில்லை என்று புரிந்துகொண்டேன்" என்று எழுதியிருந்தாள். கையெழுத்து கோணலாக இருந்தது, வலது கை சுளுக்கல்லவா.

நாளைக்குப் போகிறேன்.

ஜூலை 3, வியாழன்

காலை பஸ்ஸில் சுல்தான்பேட்டை போனேன். மோனிஷாவின் அம்மா மோர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. அவள் பண்ணைக் கொட்டகையில் இடது கையால் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. கார் சரியாயிருச்சா?"

"கார் சரியாயிரும். ஒரு விசயம் சொல்லோணும் கண்ணு."

வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் வாயில் நிற்கவில்லை. போட்டு உடைத்தேன். "மழ டயர் நாலையும் நாந்தான் பக்கம் மாத்திக் குடுத்துட்டேன். அம்பு தலகீழா இருந்துச்சு. நீ பயந்ததால சுத்தல. யாரு ஓட்டியிருந்தாலும் சுத்தியிருக்கும்."

கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"நாலுமா?"

"நாலும்."

"அத வெச்சுட்டு நாலாவது சுத்து வரைக்கும் ஓட்டுனனா?"

"ஓட்டுன."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு கேட்டாள், "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குச் சாயந்தரமே."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "பதினொரு நாள்."

முட்டை அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"தெனமும் பாத்ரூம்ல ஷவரத் தொறந்து வுட்டுட்டு, கண்ண மூடிட்டு, கையை நீட்டிட்டு நிப்பேன்ணா. நடுங்குதான்னு பாக்க. தண்ணி வீணாப் போகுதுன்னு அம்மா கதவத் தட்டும். நடுங்கல. ஆனாலும் சார் சொன்னாரு, எல்லாரும் சொன்னாங்க, நீங்களும் மழைன்னா அப்படித்தான்னீங்க. சரி, எனக்குத்தான் தெரியல போலன்னு நெனச்சுட்டேன்."

"மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். அந்த வார்த்தைக்கு ஒரு எடையும் இல்லாத மாதிரி இருந்தது.

"சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்குச் சொல்றேம்பாங்க."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துவந்தாள். பஸ் வந்ததும் போய்விட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

191.

சம்பத் சாரிடம் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். "தெசை பாத்து மாட்டுனீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னனே!" என்று ஆரம்பித்து கால் மணி நேரம். எல்லாம் எனக்கு வரவேண்டியதுதான். அப்பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். "மாட்டுனது நானுங்க சார்" என்றான். "நான் குடுத்ததத்தான் அவன் மாட்டுனான்" என்றேன்.

"இப்ப வந்து சொல்றியே, ரோஹனுக்கு டிக்கெட் போட்டாச்சு. நான் என்ன பண்றது?"

"வரட்டுங்க சார். ரெண்டு பேரையும் ஒரே கார்ல, நனஞ்ச தடத்துல ஓட வுடுங்க. மழ வராட்டி தண்ணி லாரிய நான் புடிச்சுட்டு வர்றேன். யாரு வேகமோ அவங்களுக்குச் சீட்டு."

என்னை முறைத்தார். "லாரி உன் பொறுப்பு" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

வேண்டாதபோது கொட்டிய மழை இன்று ஒரு சொட்டு இல்லை. மூன்று தண்ணீர் லாரிகள் தடத்தைச் சுற்றிச் சுற்றி நனைத்தன. கார் ஓடும்போதே வெயில் காயவைத்துவிடுகிறது என்று சுற்றுக்குச் சுற்று ஊற்ற வேண்டியிருந்தது. லாரிக்காரர்களுக்கு ஒரே வேடிக்கை. "ரோட்டக் கழுவறதுக்கு இவ்வளவு தண்ணியாண்ணே?" என்றார் ஒருவர்.

சக்கரங்களை அப்பாஸ் மாட்டினான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து அம்புக்குறியைப் பார்த்தேன். மோனிஷா எனக்குப் பின்னால் வந்து நான்கையும் தானும் குனிந்து பார்த்தாள். 

ரோஹன் முதலில் ஓட்டினான். நல்ல பையன்தான், மரியாதையானவன், நன்றாகவே ஓட்டினான். பத்துச் சுற்றில் சிறந்தது ஒரு நிமிஷம் இருபத்தொரு நொடி.

மோனிஷா மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். முதல் இரண்டு சுற்றும் நிதானம்.  மூன்றாவது சுற்றில், அன்றைக்கு மோதிய அதே வளைவில், தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனாள். கார் லேசாக நழுவியது, பிடித்துக்கொண்டாள். அப்பாஸ் "யா அல்லா" என்றான். என் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச் ஒரு நிமிஷம் பத்தொன்பது காட்டியது. கடைசிச் சுற்றில் இன்னும் அரை நொடி குறைத்தாள். சம்பத் சார் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். ரோஹன் முதல் ஆளாகக் கைதட்டினான்.

அவள் காரை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எல்லோரையும் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். சந்தோஷத்தில் என் தொப்பியைப் பிடுங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"முத்தண்ணா, மொதல்ல உங்ககிட்ட சொல்லீட்டுத்தான் சார்கிட்டச் சொல்லோணும். இந்த சீசன் என் கார்ல நீங்க வேண்டாம்."

ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பையில் போட்டேன்.

"சக்கரத்த மாத்தி மாட்டுனதுக்கு இல்லீங்கண்ணா. அது யாருக்கு வேணாலும் ஆகும். அந்தப் பதினொரு நாளைக்கு." அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கார்ல ஏறி உக்காந்தா பின்னால திரும்பிப் பாக்காம இருக்கோணும்ணா. உங்கள வெச்சுட்டு இப்ப என்னால முடியாது."

"சரி கண்ணு" என்றேன்.  அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியாது. வலிக்கிறது. அவளுக்கு சீட் கிடைத்ததில் சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக ஒரே நெஞ்சுக்குள் எப்படிக் கிடக்கின்றன என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கலாமணியிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறீர்கள், வேலை போனதற்கா என்றாள். இல்லை. ஒரு கஷ்டமான விஷயத்தை ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பிள்ளை கையுறையைக்கூடக் கழற்றவில்லை, வந்து சொல்லிவிட்டாள்.